வி-மாடலுக்குள் நடப்பது என்ன? படிவ உள்ளீட்டையும் தரவையும் பிணைப்பது பற்றி

வலைப்பக்கங்களின் திரையைக் கட்ட உதவும் வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் 3-ஆம் பதிப்பில் ஒரு பதிவுப் படிவம் எழுதும்போது மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளீட்டுப் பெட்டியின் குறியில் வேல்யூ என்ற ஆட்ரிபியூட்டாக எழுதிக் கொடுத்த தொடக்க மதிப்பு, பெட்டியைத் தரவோடு பிணைக்கும் வி-மாடல் என்ற கட்டளையைச் சேர்த்தவுடன் திரையில் காணாமல் போகிறது. இரண்டு பெட்டிகளில் 10, 5 என்று இட்டுக் கூட்டினால் 15 வராமல் 105 வருகிறது. பழைய வியூ 2 திட்டத்திலிருந்து எடுத்துவந்த ஓர் உள்ளீட்டுக் காம்பொனென்ட்டில் (மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய திரைத் துண்டு) தட்டச்சு செய்வது தாய்க் காம்பொனென்ட்டின் தரவுக்கு வந்து சேரவே இல்லை. வி-மாடல் செய்யும் இருவழிப் பிணைப்பு என்பதே தவறான உத்தி, ரியாக்ட் என்ற மற்றொரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் போல ஒருவழியில் எழுதுவதுதான் சரி என்று உங்களிடம் சிலர் சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றே. பெட்டிக்குள் தெரியும் மதிப்பும் உங்கள் தரவில் இருக்கும் மதிப்பும் ஒன்றல்ல. ஒன்று உலாவி வைத்திருக்கும் எழுத்துச் சரம். மற்றொன்று நீங்கள் அறிவித்த ஜாவாஸ்கிரிப்ட் மதிப்பு. பிணைப்பு என்று நாம் சொல்வது இந்த இரண்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் ஏற்பாட்டை மட்டுமே. அந்த ஏற்பாட்டில் எந்தத் திசையில், எப்போது, எந்த வடிவில் மதிப்பு பயணிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுவிட்டால், இது போன்ற பிழைகளை நீங்களே கண்டுபிடித்துத் திருத்திவிட முடியும். எனவே விடைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் வி-மாடலைப் பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

ஒரு சாதாரண எழுத்துப் பெட்டியின் மேல் வி-மாடல் என்று எழுதினால், வியூ அதை இரண்டு தனித்தனி வேலைகளாக விரித்துக்கொள்கிறது. முதலாவது, தரவு மாறும்போதெல்லாம் பெட்டியின் வேல்யூ என்ற ப்ராப்பர்ட்டியில் (நிரல் படிக்கவும் எழுதவும் கூடிய, பெட்டியின் நடப்பு மதிப்பு) அந்த மதிப்பை எழுதுவது. இரண்டாவது, பெட்டியில் இன்புட் என்ற நிகழ்வு எழும்போதெல்லாம் பெட்டியில் உள்ள சரத்தை எடுத்துத் தரவில் எழுதுவது. இவ்வளவுதான். இருவழிப் பிணைப்பு என்று பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பவை எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு ஒருவழிப் பாதைகள். வி-மாடல் இல்லாமல், வேல்யூவைப் பிணைக்கும் வரியையும் இன்புட் நிகழ்வைக் கையாளும் வரியையும் நீங்களே ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள்; அதன்பின் சுருக்க வடிவம் மறைத்து வைத்திருப்பது என்ன என்று நினைவில் நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரிடமும் நான் இதை வலியுறுத்துவேன்.

எல்லா உள்ளீடுகளுக்கும் இதே இணை பொருந்தாது. தேர்வுப்பெட்டிக்கும் ரேடியோ பொத்தானுக்கும் வியூ செக்டு என்ற ப்ராப்பர்ட்டியையும் சேஞ்ச் என்ற நிகழ்வையும் பயன்படுத்துகிறது. கீழ்விரி பட்டியலுக்கு வேல்யூவும் சேஞ்சும். கோப்புத் தேர்வுக்கு வி-மாடலே கிடையாது, ஏனெனில் பயனரின் கணினியில் உள்ள ஒரு கோப்பை நிரலிலிருந்து பெட்டிக்குள் எழுதிவைக்க உலாவி பாதுகாப்பு காரணமாக இடம் தருவதில்லை. அங்கே ஒரு திசைதான் சாத்தியம் என்பதால், சேஞ்ச் நிகழ்வை மட்டும் கேட்டுக் கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் முதல் சிக்கல். எச்.டி.எம்.எல்-இல் ஆட்ரிபியூட் வேறு, ப்ராப்பர்ட்டி வேறு. குறிக்குள் எழுதும் வேல்யூ என்ற ஆட்ரிபியூட், பெட்டியின் இயல்பான தொடக்க மதிப்பை மட்டுமே குறிக்கிறது. பயனர் ஏதாவது தட்டச்சு செய்தாலோ, நிரல் ப்ராப்பர்ட்டியில் ஏதாவது எழுதினாலோ, அந்தப் பெட்டி தொடப்பட்டுவிட்டது என்று உலாவி குறித்துவைத்துக்கொள்கிறது. படிவம் மீட்டமைக்கப்படும் வரை ஆட்ரிபியூட்டை எத்தனை முறை மாற்றினாலும் பெட்டியில் தெரிவது மாறாது. சுத்த ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதும்போது ஆட்ரிபியூட்டை மாற்றிவிட்டு, திரை ஏன் மாறவில்லை என்று பலர் மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான். வி-மாடல் ப்ராப்பர்ட்டியின் மேல் வேலை செய்கிறது. பக்கம் உருவானவுடன் தரவில் இருப்பதை, அது வெற்றுச் சரமாக இருந்தாலும், பெட்டியில் எழுதிவிடுகிறது. வேல்யூ, செக்டு, செலெக்டட் ஆகிய மூன்று ஆட்ரிபியூட்களையும் வி-மாடல் பொருட்படுத்துவதில்லை என்பது வியூவின் தெரிந்தெடுத்த முடிவு. ஒரு மதிப்புக்கு உரிமையாளர் ஒருவர்தான், அது தரவு. தொடக்க மதிப்பைத் தரவை அறிவிக்கும் இடத்திலேயே கொடுங்கள். குறியில் இருக்கும் வேல்யூவை நீக்கிவிடுங்கள். பல வரி எழுதும் டெக்ஸ்ட்ஏரியாவுக்கும் இதே விதி: அதன் திறப்புக் குறிக்கும் மூடும் குறிக்கும் நடுவில் இரட்டை நெளிவு அடைப்பு இட்டுத் தரவை எழுதினால் பிணைப்பு உண்டாகாது, அங்கும் வி-மாடல்தான்.

இரண்டாவது சிக்கல் சற்று விரிவாகப் பேசத் தக்கது, ஏனெனில் அது 105 என்று வெளிப்படையாகத் தெரிந்தது உங்கள் நல்ல நேரம். உலாவியின் பெட்டி எதைக் கேட்டாலும் சரமாகவே விடை சொல்லும். சரத்தோடு சரத்தைக் கூட்டல் குறியால் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும், எனவே 105. ஆனால் அதே இரு சரங்களைப் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே எண்ணாக்கி 50 என்ற சரியான விடையைத் தந்துவிடும், கழித்தாலும் சரியாகவே வரும். அதனால் பிழை மறைந்து கிடந்து, பின்னாளில் யாரோ ஒருவர் ஒரு கூட்டலையோ ஒப்பீட்டையோ சேர்க்கும்போது வெளியே வரும். சரங்களாக ஒப்பிட்டால் 10 என்பது 9-ஐவிடச் சிறியது, ஏனெனில் ஒப்பீடு முதல் எழுத்திலேயே முடிந்துவிடுகிறது. குறைந்தபட்ச வயதைச் சரிபார்க்கும் நிபந்தனை ஒன்றில் இது நுழைந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வியூ இதற்காக வி-மாடலோடு புள்ளியிட்டு நம்பர் என்று எழுதும் வசதியைத் தருகிறது. வியூ 3-இல் பெட்டியின் வகையே நம்பர் என்றிருந்தால் அந்த மாற்றம் தானாகவே நடக்கும். உங்கள் பெட்டிகள் எழுத்து வகையில் இருந்திருக்க வேண்டும். வகையை மாற்றினாலோ அந்த வசதியைச் சேர்த்தாலோ 15 வரும். ஆனால் இத்தோடு நின்றுவிடாதீர்கள். இந்த மாற்றம் பார்ஸ்ஃப்ளோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறின் வழியே நடக்கிறது, அதற்குச் சில குணங்கள் உண்டு. எண்ணாக்க முடியாதபோது வியூ மூலச் சரத்தையே திருப்பித் தந்துவிடும். ஆகவே பயனர் பெட்டியைக் காலியாக்கினால் உங்கள் தரவில் 0 இருக்காது, வெற்றுச் சரம் இருக்கும். எண் என்று நீங்கள் நம்பியிருக்கும் மாறி உண்மையில் எண்ணாகவோ வெற்றுச் சரமாகவோ இருக்கலாம் என்பதைக் கணக்கிடும் இடத்தில் மறக்கக் கூடாது. எழுத்துப் பெட்டியில் 1,250 என்று காற்புள்ளியோடு எழுதினால் பார்ஸ்ஃப்ளோட் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று சொல்லும். எந்த எச்சரிக்கையும் வராது. பணத்தொகை வாங்கும் படிவத்தில் இது எவ்வளவு பெரிய தவறு!

இதன் மறுபக்கமும் உண்டு. இலக்கங்களால் ஆனதெல்லாம் எண் அல்ல. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, கணக்கு எண் ஆகியவற்றை எண்ணாக மாற்றினால் முன்னால் இருக்கும் சுழியம் மறைந்துவிடும். 9007199254740991-க்கு மேற்பட்ட முழு எண்களை ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகையால் ஐயமின்றி வைத்திருக்க முடியாது. அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிப்போகலாம். எதைக் கூட்டிக் கழிக்கப் போகிறோமோ அதை மட்டும் எண்ணாக்குங்கள், மற்றவை சரமாகவே இருக்கட்டும்.

வகை பற்றிய இதே குழப்பம் கீழ்விரி பட்டியலிலும் ரேடியோ பொத்தானிலும் இன்னும் நுட்பமாக ஒளிந்திருக்கிறது. விருப்பத்தின் மதிப்பைச் சாதாரண ஆட்ரிபியூட்டாக 1 என்று எழுதினால் அது சரம். முன்னால் முக்காற்புள்ளி இட்டுப் பிணைத்து எழுதினால்தான் எண். உங்கள் தரவில் தொடக்கமாக எண் 1 இருக்க, விருப்பத்தில் சரம் 1 இருந்தாலும், வியூ தளர்வாக ஒப்பிடுவதால் சரியான விருப்பம் தேர்வானதாகவே திரையில் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும். பயனர் வேறொன்றைத் தேர்ந்து மீண்டும் முதலாவதற்குத் திரும்பும்போது தரவில் வந்து உட்காருவது சரம். மூன்று சமக்குறி இட்டு எண் 1-உடன் ஒப்பிடும் உங்கள் நிபந்தனை அப்போதிலிருந்து பொய்யாகிவிடும். தொடாத படிவத்தில் வேலை செய்து, தொட்ட படிவத்தில் உடையும் பிழை இது. சோதனையில் எளிதாகத் தப்பிவிடும். பல மதிப்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் முழுப் பொருளையே விருப்பத்தின் மதிப்பாகப் பிணைக்கவும் வியூவில் முடியும். கீழ்விரி பட்டியலில் தரவின் தொடக்க மதிப்பு எந்த விருப்பத்தோடும் பொருந்தாவிட்டால் எதுவும் தேர்வாகாத நிலையில் பட்டியல் தோன்றும், அந்த நிலையில் ஐஓஎஸ் கருவிகளில் முதல் விருப்பத்தைத் தேர்ந்தாலும் சேஞ்ச் நிகழ்வு எழாமல் போகலாம். அதனால்தான் வெற்று மதிப்பு கொண்ட, தேர்வு செய்ய முடியாதபடி முடக்கிய ஒரு விருப்பத்தை முதலில் வைக்கும்படி வியூவின் ஆவணம் அறிவுறுத்துகிறது.

தேர்வுப்பெட்டிகளில் நினைவில் வைக்க வேண்டியது தொடக்க மதிப்பின் வகை. ஒரே மாறியோடு பல தேர்வுப்பெட்டிகளைப் பிணைக்கும்போது அந்த மாறி வெற்று அரேயாக (மதிப்புகளின் வரிசை) தொடங்கினால், தேர்ந்தவற்றின் மதிப்புகள் அதில் சேரும். ஆம்-இல்லை என்ற பூலியனாகத் தொடங்கினாலோ, ஒன்றைத் தொட்டவுடன் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாகக் குறியிடப்படும்.

இங்கே தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஓர் எழுத்தைப் பல விசைகளால் கூட்டி உருவாக்கும் உள்ளீட்டு முறைகளில், கூட்டல் நடந்துகொண்டிருக்கும்போது உலாவி கம்போசிஷன் எனப்படும் தனி நிலையில் இருக்கும். அந்த நிலை முடியும் வரை வி-மாடல் தரவைப் புதுப்பிப்பதில்லை. அரைகுறையாக உருவான எழுத்து தரவுக்குள் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தால் அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தட்டும்போது எழுத்து எண்ணிக்கை காட்டும் பகுதியோ தேடல் முடிவுகளோ சொல் முடிந்த பின்னரே மாறுவதைக் காணலாம். எந்த விசைப்பலகை இந்த நிலையைப் பயன்படுத்துகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒவ்வொரு விசைக்கும் உடனே தரவு மாற வேண்டுமென்றால், வி-மாடலை விட்டுவிட்டு வேல்யூவையும் இன்புட் நிகழ்வையும் கையால் பிணைக்க வேண்டும். எழுத்துகளை எண்ணிக் காட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 5, ஏனெனில் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பெட்டிக்கு இடும் உச்ச நீள வரம்பும் இந்தக் கணக்கையே பின்பற்றுகிறது. பெயருக்கு 20 எழுத்து என்று வரம்பு வைத்துவிட்டு, தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவதைக் கவனிக்காமல் விடும் படிவங்கள் என்னை உண்மையிலேயே வருத்துகின்றன.

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். காம்பொனென்ட் ஒன்றின் மேல் வி-மாடல் இட்டாலும் விரிவது அதே இரண்டு பாதைகள்தான்: மதிப்பு ஒரு ப்ராப் (தாய்க் காம்பொனென்ட் பிள்ளைக்குப் பெயரிட்டுத் தரும் மதிப்பு) வழியே கீழே இறங்குகிறது, மாற்றம் ஒரு நிகழ்வு வழியே மேலே ஏறுகிறது. வியூ 2-இல் அந்த ப்ராப்பின் பெயர் வேல்யூ, நிகழ்வின் பெயர் இன்புட். 2020 செப்டம்பரில் வெளிவந்த வியூ 3-இல் அவை மாடல்வேல்யூ என்றும் அப்டேட் முக்காற்புள்ளி மாடல்வேல்யூ என்றும் மாறின. உங்கள் பழைய காம்பொனென்ட் யாரும் தராத ஒரு ப்ராப்பை எதிர்பார்த்து, யாரும் கேட்காத ஒரு நிகழ்வை எழுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு பெயர்களையும் மாற்றினால் போதும். பெயர் மாற்றத்துக்குக் காரணமும் உண்டு: புதிய முறையில் ஒரே காம்பொனென்ட்டின் மேல் பெயரிட்ட பல வி-மாடல்களை வைக்கலாம், முதற்பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று என்பதுபோல. வியூ 3.4-லிருந்து டிஃபைன்மாடல் என்ற சுருக்கம் நிலைபெற்றுவிட்டது. அதை அழைத்தால் ப்ராப், நிகழ்வு இரண்டையும் அதுவே அறிவித்து, சாதாரண மாறியைப் போல எழுதவும் படிக்கவும் கூடிய ஒன்றைக் கையில் தருகிறது. புதிதாக எழுதும் நிரலில் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் பிள்ளைக் காம்பொனென்ட்டுக்கு வந்த ப்ராப்பின் மேலேயே நேரடியாக வி-மாடலை இட முயலாதீர்கள். ப்ராப் படிப்பதற்கு மட்டுமே, வியூ அதை அனுமதிக்காது. உரிமையாளர் தாய்க் காம்பொனென்ட். பிள்ளை கேட்கலாம், தானே மாற்றக் கூடாது.

ரியாக்ட் பற்றிய கேள்விக்கு இப்போது விடை எளிது. ரியாக்ட்டில் வேல்யூவையும் ஆன்சேஞ்ச் கையாளியையும் நீங்களே எழுதுகிறீர்கள். வி-மாடல் விரியும்போது கிடைக்கும் அதே இரண்டு பாதைகள், சுருக்கப் பெயர் மட்டும் இல்லை. லிங்க்டுஸ்டேட் என்ற பெயரில் இதற்கொரு சுருக்கம் ரியாக்ட்டிலும் இருந்தது, 2016-இல் வந்த 15-ஆம் பதிப்பில் அதைக் கைவிட வேண்டியதாக அறிவித்தார்கள். ரியாக்ட்டின் வழியில் எழுத வேண்டிய வரிகள் கூடும், மதிப்பு மாறும் இடம் கண்ணுக்கு நேராகத் தெரியும். வியூவின் வழியில் வரிகள் குறையும், அந்த இடம் மறைந்திருக்கும். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தவறென்று தள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. நிகழ்விலிருந்து எடுக்கும் மதிப்பு ரியாக்ட்டிலும் சரம்தான், 105 அங்கேயும் வரும். ரியாக்ட்டுக்கே உரிய இடறலும் உண்டு: தரவு இன்னும் வந்து சேராத நேரத்தில் வேல்யூவுக்கு வரையறுக்கப்படாத மதிப்பைக் கொடுத்தால், பெட்டியின் உரிமை உலாவிக்கே விடப்பட்டதாக ரியாக்ட் எடுத்துக்கொள்கிறது, பிறகு தரவு வந்ததும் உரிமை கைமாறுவதைக் கண்டு எச்சரிக்கிறது. தொடக்கத்தில் வெற்றுச் சரம் கொடுத்தால் அது எழாது. ஆங்குலர் என்ற இன்னொரு கட்டமைப்பில் இதே வேலையைச் செய்யும் என்ஜிமாடலும் சதுர அடைப்புக்குள் வட்ட அடைப்பு இட்டு எழுதப்படுவது இதே காரணத்தால்தான்: சதுரம் உள்ளே செல்லும் மதிப்பு, வட்டம் வெளியே வரும் நிகழ்வு.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், பதிவுப் படிவம் முடிந்தபின் திருத்தும் படிவம் எழுதத்தான் போகிறீர்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஏற்கெனவே உள்ள ஒரு பதிவைத் திருத்தும்போது பட்டியலில் இருக்கும் மூலப் பொருளோடு வி-மாடலைப் பிணைக்காதீர்கள். பயனர் ஓர் எழுத்தைத் தட்டியவுடன் பட்டியலிலும் அது மாறும். பிறகு அவர் ரத்து என்ற பொத்தானை அழுத்தினால் திரும்பிச் செல்லப் பழைய மதிப்பு எங்குமே இருக்காது. ஒரு நகல் எடுத்து அதனோடு பிணைத்து, சேமிக்கும்போது மட்டும் மூலத்தில் எழுதுங்கள். மூன்று புள்ளி இட்டு எடுக்கும் நகல் மேல்மட்டத்தை மட்டுமே பிரிக்கும். உள்ளே முகவரி போன்ற இன்னொரு பொருள் இருந்தால் அது இரண்டுக்கும் பொதுவாகவே தொடரும். ஆழமான நகலுக்கு ஸ்ட்ரக்சர்டுகுளோன் என்ற செயற்கூறு இருக்கிறது, ஆனால் வியூவின் ரியாக்டிவ் பொருளை (மாற்றத்தைக் கவனிக்க வியூ உறையிட்டு வைத்திருப்பது) அப்படியே அதற்குக் கொடுத்தால் பிழை எறியும். வியூவின் டூரா என்ற செயற்கூறின் வழியே உறைக்குள் இருக்கும் மூலப் பொருளை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். படிவத்தை வெறுமையாக்கும்போதும் கவனம் தேவை. ரியாக்டிவ் கொண்டு அறிவித்த மாறிக்குப் புதிய பொருளை ஒதுக்கினால், திரை பழைய பொருளையே கவனித்துக்கொண்டிருக்கும். பெட்டிகளில் ஒன்றும் மாறாது. பழைய பொருளுக்குள்ளேயே மதிப்புகளை மாற்றி எழுதுங்கள், அல்லது தொடக்கத்திலேயே மதிப்பை உள்ளே பொதிந்து வைக்கும் ரெஃப் கொண்டு அறிவித்து அதன் உள்மதிப்பை மாற்றுங்கள். நான் ரெஃப்பையே விரும்புகிறேன்.

தொகையைத் தட்டத் தட்டக் காற்புள்ளி இட்டுக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பெட்டியில் இருப்பதிலிருந்து வேறுபட்ட சரத்தை நிரல் எழுதியவுடன் இடங்காட்டி கடைசிக்குத் தாவிவிடும் என்பதால், நடுவில் ஓர் இலக்கத்தைத் திருத்துபவர் பெரும் தொல்லைக்கு ஆளாவார். பெட்டியை விட்டு வெளியேறும்போது அழகுபடுத்துங்கள், உள்ளே இருக்கும்போது வெறும் இலக்கங்களாகவே விடுங்கள். உடனுக்குடன் தரவு மாற வேண்டிய தேவை இல்லாத இடங்களில் வி-மாடலோடு லேசி என்று சேர்த்தால், இன்புட்டுக்குப் பதிலாக சேஞ்ச் நிகழ்வில் மட்டும் தரவு புதுப்பிக்கப்படும்.

இனி உங்கள் படிவத்தைத் திருத்தும்போது, எல்லா மதிப்புகளையும் தனித்தனி மாறிகளாக வைக்காமல் ஒரே பொருளுக்குள் வைத்து, படிவத்தின் கீழே அந்தப் பொருளை இரட்டை நெளிவு அடைப்புக்குள் அப்படியே அச்சிட்டுவையுங்கள். தனி மதிப்பை அச்சிட்டால் சரம் 10-உம் எண் 10-உம் ஒன்றுபோலவே தெரியும். முழுப் பொருளை அச்சிடும்போது வியூ அதை ஜேசன் வடிவில் காட்டுவதால் சரத்தைச் சுற்றி மேற்கோள் குறி நிற்கும், எண்ணைச் சுற்றி நிற்காது. பிறகு ஒவ்வொரு பெட்டியையும் ஒருமுறை நிரப்பி, ஒருமுறை காலியாக்கி, ஒவ்வொரு பட்டியலிலும் வேறொன்றைத் தேர்ந்து பழையதற்கே திரும்பி வந்து, அந்த மேற்கோள் குறிகள் எங்கே தோன்றுகின்றன, எங்கே மறைகின்றன என்று பாருங்கள். எந்தப் பெட்டியில் தட்டியும் கீழே ஒன்றும் அசையவில்லையோ அந்தக் காம்பொனென்ட்டில் பழைய ப்ராப் பெயர் இன்னும் இருக்கிறது.